துப்பாக்கிக் கட்டைக்கு எந்த மரம்?

"வீட்டுல பழைய உத்தரம் ஒண்ணு கெடக்கு தம்பி, நல்ல நாட்டுத் தேக்கு. அதுல ஒரு துண்டு அறுத்துக் கட்டை போட்டுட்டா என்ன?"

கடையம் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் டீ ஆறுவதற்குள் கேட்ட கேள்வி இது. அவர் அப்பா காலத்தில் பயிர்க்காவலுக்கென்று உரிமம் எடுத்து வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கி. இரும்பெல்லாம் திடமாக இருக்கிறது. கட்டைதான், கை பிடிக்கிற கழுத்துப் பகுதியில் நீளவாக்கில் வெடித்துவிட்டது. தேக்கு வேண்டாம் என்று நான் சொன்னதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. தாமிரபரணிக் கரையில் மரம் என்றாலே தேக்குதான். வாசல்கால், உத்தரம், ஊஞ்சல் பலகை எல்லாம் தேக்கில் இருந்தால்தான் வீட்டுக்கு மதிப்பு. அப்பேர்ப்பட்ட மரம் ஒரு துப்பாக்கிக்கு ஏன் ஆகாது? இன்னொரு டீ சொல்லிவிட்டு நிதானமாகப் பேச வேண்டிய விஷயம் இது.

முதலில், கட்டை என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். போலீஸ் கையிலும் என்.சி.சி. மைதானத்திலும் பல்லாண்டு காலம் நாம் பார்த்த 303 ரைபிளை எடுத்துக்கொள்ளுங்கள். எடை ஏறத்தாழ 4 கிலோ. அதன் குண்டு 11 கிராமுக்குச் சற்றுக் கூட. குழலை விட்டு நொடிக்குச் சுமார் 740 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. குண்டும், அதன் பின்னால் பீறிட்டு வரும் வாயுவும் முன்னே பாய்வதற்கு ஈடாக, அந்த 4 கிலோ ரைபிள் நொடிக்கு இரண்டரை மீட்டர் அளவில் பின்னே வருகிறது. அந்த உதை முழுவதும் இரும்பிலிருந்து மரத்துக்கும், மரத்திலிருந்து தோளுக்கும் போய்ச் சேருகிறது. இரும்பு மரத்தில் முட்டுகிற இடமோ மிகச் சிறியது. அந்தச் சின்ன இடத்தில் ஒவ்வொரு வெடிக்கும் ஒரு சுத்தியல் அடி விழுகிறது. மரம் நசுங்கினால் இரும்பு ஆடும். பிளந்தால் கட்டையே போச்சு.

உதை தாங்குவது பாதி வேலைதான். அசையாமல் இருப்பது மறுபாதி. மரம் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து ஊதும், வெயிலில் ஈரத்தை விட்டுச் சுருங்கும். ரைபிளின் முன்கட்டை குழலை ஒட்டியே இருக்கிறது. கட்டை ஒரு பக்கம் ஊதிக் குழலைத் தொட்டு அழுத்தினால் குறி விலகும். போன மாதம் மையத்தில் விழுந்த குண்டு இந்த மாதம் ஒரு சாண் தள்ளி விழும். சுடுகிறவர் தன் கையையும் கண்ணையும் குறை சொல்லிக்கொண்டிருப்பார். கோளாறு மரத்தில் இருக்கும்.

நம் பள்ளத்தாக்கில் இந்தத் தொல்லை மற்ற ஊர்களைவிட அதிகம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் தாமிரபரணியின் நீளம் 130 கிலோமீட்டர்கூட இல்லை. அதற்குள் எத்தனை தட்பவெப்பம்! பாபநாசம், கடையம் பக்கம் ஆனி ஆடியில் சாரல் அடிக்கும்போது பாளையங்கோட்டையில் அனல்காற்று வீசும். ஐப்பசி கார்த்திகையில் எல்லா இடத்திலும் அடைமழை. சித்திரை வெயிலில் நன்றாக உலர்ந்து கிடந்த இரண்டு அங்குல அகலக் கட்டை, கார்த்திகை ஈரத்தில் அரை மில்லிமீட்டர் வரை அகலக்கூடும். கதவு சட்டத்தில் மாட்டிக்கொள்வது இதனால்தான். கதவை ஒரு தட்டுத் தட்டிச் சரிசெய்துவிடலாம். குழலும் விசையும் பதிந்திருக்கிற கட்டையில் அரை மில்லிமீட்டர் என்பது பெரிய விஷயம்.

ஆகவே துப்பாக்கி மரத்துக்கு வேண்டியது என்ன? எடைக்கு ஏற்ற வலு. அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் குணம். எளிதில் பிளக்காத இழை. ஈரத்தில் முறுக்கிக்கொள்ளாமை. உளிக்கும் அரத்துக்கும் வழிவிடும் பதம். இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: இரும்போடு ஒத்துப்போகும் தன்மை. துவர்ப்பு மிகுந்த மரத்தில் ஈரம் பட்டால் அது இரும்போடு சேர்ந்து கறுக்கும், துருவும் ஏறும்.

இப்போது தேக்குக்கு வருவோம். ஈர விஷயத்தில் தேக்கை யாரும் குறை சொல்ல முடியாது. பச்சை மரம் முழுக்கக் காயும்போது தேக்கு ஆரவாக்கில் இரண்டரை சதவீதமும் வளைய வாக்கில் ஆறு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகவும்தான் சுருங்கும். பெரும்பாலான மரங்கள் இதைவிட அதிகம் சுருங்குபவை. எண்ணெய்ப் பசை இருப்பதால் இரும்பையும் கெடுக்காது. கப்பல் கட்டியவர்கள் தேக்கை விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் திடீர் அடியைத் தாங்கும் திறன் தேக்குக்குக் குறைவு. உத்தரத்துக்கு வருவது அசையாத பாரம். மேலே மச்சு நூறு வருஷம் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கும். துப்பாக்கிக்கு வருவது நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் வந்து போகும் அடி. இழையோடு நேராகப் பிளக்கிற தேக்கின் குணம் ஆசாரிக்கு வசதி, துப்பாக்கிக்காரருக்கு ஆபத்து. இரட்டைக்குழல் துப்பாக்கியில் இரும்புப் பெட்டி கட்டையின் தலையில் ஆப்புப் போல முட்டுகிறது. அங்கே தேக்கு வைத்தால் சில பெட்டித் தோட்டா சுடுவதற்குள் தலைப்பக்கம் கீறல் விடும் என்பதே என் கணிப்பு.

அண்ணாச்சி அடுத்துக் கேட்டது தோதகத்தி. மரத்தின் பளபளப்பைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் கன மீட்டருக்கு 800 கிலோவுக்கு மேல் எடை. தோளில் வைத்து ஏந்துகிற பொருளுக்கு அது அதிகம். போதாததற்கு 1994-ல் தமிழ்நாட்டில் இந்த மரத்துக்கென்றே தனிப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிடிக்குப் பட்டை, முனைக்கு ஒரு துண்டு என்று அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வேங்கை நல்ல வலுவான மரம், ஆனால் அதன் பிசினே துவர்ப்புச் சரக்கு. வேங்கைக் குவளையில் ஊற்றிய தண்ணீர் நிறம் மாறுவதை நம் வீடுகளில் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாயம் இரும்புக்கு நல்லதில்லை. கோங்கு கனத்த மரம். பாலத்துக்கும் ரயில் கட்டைக்கும் உரியது. வேம்பு முறுக்கு இழை. உளி வைத்தால் ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் பிய்க்கும். பலா இலகுவானது, அழகானது, மிருதங்கமும் வீணையும் அதில்தான். காற்றுத் துப்பாக்கிக்குப் பலா போதும் என்பேன், தோட்டாத் துப்பாக்கிக்குத் தர மாட்டேன்.

இப்படி ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு வேலை என்று பிரிப்பது இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதிதில்லை. அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைந்தவர்கள் மஞ்சள் கடம்பைத் தேடிப் போனார்கள். கடைசலில் அது வெண்ணெயாக வழுக்கும், நுண்ணிய இழை, அரக்குச் சாயம் சமமாக ஏறும். அதே மரத்தை யாரும் வண்டிச் சக்கரத்துக்குப் போட்டதில்லை. சக்கரத்துக்குக் கருவேல், கொட்டாப்புளிக்குப் புளி, தேருக்கு இலுப்பை. இந்தத் தேர்வுக்குப் பின்னால் இருந்தது விலையோ அந்தஸ்தோ அல்ல. எந்த மரத்துக்கு எந்த அடி விழும் என்ற கணக்கு. தேக்கு மோகம் அந்தக் கணக்கை நம்மிடமிருந்து மறைத்துவிட்டது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

உலகம் முழுவதும் துப்பாக்கிக்கு முதல் மரம் வால்நட். நாம் அக்ரூட் என்று கொட்டையை உடைத்துத் தின்கிற அதே மரம். ஐரோப்பாவில் அதுதான், அமெரிக்காவில் அதன் உறவான கறுப்பு வால்நட். இந்தியாவில் காஷ்மீரும் இமயமலைச் சரிவுகளும் அதன் இருப்பிடம். ஜம்முவிலும் ஸ்ரீநகரிலும் துப்பாக்கித் தொழில் வளர்ந்ததற்கு அருகிலேயே கிடைத்த இந்த மரமும் ஒரு துணை. வால்நட்டின் ரகசியம் அது சுருங்காது என்பதல்ல. கறுப்பு வால்நட் ஆரவாக்கில் ஐந்தரை சதவீதமும் வளைய வாக்கில் எட்டு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகவும் சுருங்குகிறது, அதாவது தேக்கைவிட அதிகம். ஆனால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் சுருங்குவதால் முறுக்கிக்கொள்வதில்லை. ஒரு முறை நன்றாகக் காய்ந்துவிட்டால் சொன்ன சொல் மாறாது. கன மீட்டருக்கு 600 கிலோவும் சற்றுக் கூடுதலுமான எடை, உதையை வாங்கிக்கொள்ளும் இழை, பிடியில் கீறும் சிறு கட்டங்கள் உதிராமல் நிற்கும் நெருக்கம் எல்லாம் ஒரே மரத்தில் அமைந்துவிட்டன.

வால்நட் கிடைக்காத காலத்தில் என்ன செய்தார்கள் என்பதுதான் நமக்குப் பாடம். ஆஸ்திரேலியாவின் லித்கோ ஆலை அந்நாட்டுக் கோச்வுட், குயின்ஸ்லாந்து மேப்பிள் மரங்களில் 303 ரைபிள் செய்தது. அவை வால்நட்டைவிட மென்மையானவை. அதனால் இரும்பு முட்டும் இடத்தில் செம்புத் தகடு பதித்தார்கள். ரஷ்யர்கள் பிர்ச் மரத்தை எடுத்தார்கள். ஜெர்மானியர்கள் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மெல்லிய பீச் தகடுகளைப் பசை போட்டு ஒட்டிக் கட்டை செய்தார்கள். ஒட்டுக்கட்டை பார்க்க அழகில்லை, ஆனால் முறுக்கவே முறுக்காது. நம் நாட்டில் வங்காளத்தின் இஷாபூர் ஆலை 1904-ல் நிறுவப்பட்டது. அங்கே செய்த பல ரைபிள்களின் முன்கட்டையில் குறுக்காக ஒரு திருகாணி ஓடியிருக்கும். மரம் பிளக்காமல் பிடித்துக்கொள்ளப் போட்டது அது. மரத்தின் குறையை மறைக்காமல், எங்கே பிளக்கும் என்று முன்கூட்டியே அறிந்து அங்கே ஒரு திருகாணி. இதை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை, நேர்மையான தச்சு வேலையாகப் பார்க்கிறேன். 303 ரைபிளில் இன்னொரு நல்ல யோசனையும் உண்டு: முன்கட்டையும் பின்கட்டையும் தனித்தனி. முழு நீளத்துக்கு ஒரே பழுதற்ற மரம் தேட வேண்டியதில்லை, சின்னத் துண்டுகளிலும் வேலை முடியும். ஆள் உயரத்துக்கு ஏற்ப நீளக் கட்டை, குட்டைக் கட்டை என்று மாற்றிக்கொள்ளவும் முடியும்.

1966-ல் திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலை வந்தது. அதன்பின் படைக்கு இன்சாஸ் ரைபிள் வந்த காலத்தில் மரமே போய் பாலிமர் வந்துவிட்டது. ஊதாது, சுருங்காது, கறையான் அரிக்காது. படைக்கு அதுதான் சரி. மரக்கட்டையை இன்று பார்ப்பது பெரும்பாலும் உரிமத் துப்பாக்கிகளிலும் போட்டித் துப்பாக்கிகளிலும்தான்.

சரி, காஷ்மீர் வால்நட் கிடைக்காத கடையத்து அண்ணாச்சிக்கு என்ன வழி? என் பதில் பூவரசு.

அவர் சிரித்துவிட்டார். "பீப்பி ஊதுத மரமா?" என்றார். கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய்க் கரைகளில், தொழுவத்து வாசலில், வேலியோரத்தில் தானாக நிற்கும் மரம். காலையில் மஞ்சளாகப் பூத்து வாடும்போது செந்நிறமாகும் பூ. அதை யாரும் உயர்ந்த மரம் என்று எண்ணுவதில்லை. ஆனால் ஆங்கிலேயர் கால மரநூல்கள் தென்னிந்தியாவில் பூவரசின் பயன்களைச் சொல்லும்போது படகு, வண்டி, மேசை நாற்காலியோடு துப்பாக்கிக் கட்டையையும் சேர்த்தே சொல்கின்றன. காரணம் இருக்கிறது. எடை வால்நட்டுக்குச் சமம் அல்லது சற்றுக் கூட. காயும்போது குறைவாகவே சுருங்கும். வைரம் சிவப்பு கலந்த பழுப்பாக, சில துண்டுகளில் கருஞ்சாக்லேட் நிறத்தில் இருக்கும். இழை நெருக்கம், இழைப்புளிக்கு அழகாக வழிவிடும், மெருகு நன்றாக ஏறும். பசிபிக் தீவுகளில் இதே மரத்தில் உணவுக் கிண்ணங்கள் குடைகிறார்கள். உணவில் மரத்தின் வாடை ஏறாது.

இவ்வளவு இருந்தும் பூவரசை மறந்தது ஏன்? இந்தப் பகுதியில் துப்பாக்கி வைத்திருந்த கதை பழையது. பாஞ்சாலங்குறிச்சி இரண்டாம் முறை வீழ்ந்த 1801-ல், டிசம்பர் 1 அன்று மதராஸ் கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. திரித்துப்பாக்கியும் ஈட்டியும் ஊர்களிலிருந்து மறைந்தன. கருவேலில் சக்கரம் செய்யும் அறிவு இங்கே தொடர்ந்ததுபோல் கட்டை செய்யும் அறிவு தொடரவில்லை. அதனால்தான் இன்று ஒருவருக்குக் கட்டை உடைந்தால் கண்முன் நிற்கும் மரம் தெரியாமல் உத்தரத்தைப் பார்க்கிறார்.

பூவரசில் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊரில் அதைப் பெரும்பாலும் போத்து நட்டு வளர்ப்பார்கள். அப்படி வந்த மரங்கள் பலவற்றில் நடுவே பொந்து விழுந்திருக்கும், தண்டும் கோணலாக இருக்கும். விதை போட்டு வளர்ந்த மரம் நேராக, கெட்டியாக வரும். கட்டைக்கு வேண்டியது ஒரு முழ அடிமரமும் அதற்குமேல் கொஞ்சமும்தான். பத்து மரம் பார்த்தால் ஒன்று தேறும்.

தேறிய மரத்திலும் எந்தத் துண்டு என்பது அடுத்த கேள்வி. என்னைக் கேட்டால் மரத்தின் பெயரைவிட இதுவே முக்கியம். நல்ல வால்நட்டில் தவறான துண்டு எடுப்பதைவிட நல்ல பூவரசில் சரியான துண்டு எடுப்பது மேல். கட்டையின் படத்தை அட்டையில் வெட்டிப் பலகைமேல் வைத்து நகர்த்திப் பாருங்கள். கழுத்துப் பகுதியில் ரேகை கட்டையின் நீளத்தோடு ஒட்டி ஓட வேண்டும். அங்கே ரேகை குறுக்கே வெளியேறினால், அந்த இடத்தில்தான் ஒருநாள் உடையும். அண்ணாச்சியின் துப்பாக்கியில் நடந்தது அதுவே. வெடிப்பை விரலால் தொடர்ந்து பார்த்தபோது அது ரேகை போன வழியிலேயே போய் விளிம்பில் வெளியேறியிருந்தது. சுழியும் அலையும் கொண்ட அழகான பகுதி வேண்டுமானால் தோளில் படும் அகன்ற பின்பக்கத்தில் வரட்டும். கழுத்திலும் தலையிலும் அழகு வேண்டாம், நேர் இழை போதும். மரத்தின் நடுமையம் துண்டுக்குள் இருக்கவே கூடாது; மையத்தைச் சுற்றித்தான் வெடிப்பு கிளம்பும். வெள்ளைப் பகுதியையும் ஒதுக்கிவிடுங்கள், பூச்சி முதலில் அதைத்தான் துளைக்கும். பலகையின் முனையைப் பார்த்தால் வளையங்கள் செங்குத்தாக, அல்லது அதற்குக் கிட்டத்தில் நிற்க வேண்டும். அறுவை மில்லில் ஆரவாக்கில் அறுக்கச் சொன்னால் அப்படிக் கிடைக்கும். கழிவு கூடும் என்று முணுமுணுப்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறலைக் காண மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சற்று நேரம் பாருங்கள். கீறல் இருந்தால் அதில் தங்கிய மண்ணெண்ணெய் கோடாகக் கசியும்.

பிறகு காயவிடுவது. இதில் குறுக்குவழி கிடையாது. ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. இரண்டரை அங்குலப் பலகைக்கு இரண்டரை வருஷம். இரண்டு முனைகளிலும் மெழுகு உருக்கிப் பூச வேண்டும். முனை வழியாக ஈரம் வேகமாக ஓடும். பூசாவிட்டால் முனை வெடித்து உள்ளே ஏறிவிடும். வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் இடைக்கட்டை வைத்து அடுக்குங்கள். மாதம் ஒருமுறை தராசில் நிறுத்து, பலகையிலேயே தேதியோடு எடையை எழுதுங்கள். எடை இறங்கிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் நின்றுவிடும். நின்ற பிறகும் ஒரு மழைக்காலம், ஒரு கோடை பார்த்துவிட்டு உளியைத் தொடுவது நல்லது. பழைய உத்தரத் துண்டின் ஒரே மேன்மை இதுதான்: அது ஏற்கெனவே காய்ந்தது. பழைய பூவரசக் கட்டில் கால், வண்டிப் பலகை என்று ஏதாவது கனமாக வீட்டில் கிடந்தால் அதுவும் தேக்கு உத்தரத்தைவிட நல்ல தொடக்கம்.

கட்டை முடிந்ததும் மேலே வார்னிஷ் பூசிப் பளபளக்க வைப்பது இப்போதைய வழக்கம். பட்டாளத்து வழக்கம் வேறு. ஆளிவிதை எண்ணெயைக் கையால் தேய்த்துத் தேய்த்து மரத்துக்குள் ஏற்றுவார்கள். குழலைத் துடைக்கும் புல்த்ரூ கயிற்றில் துணித்துண்டு கட்டி இழுப்பதும், மரத்துக்கு எண்ணெய் தேய்ப்பதும் ஒரே வேலையின் இரண்டு பகுதிகள். எண்ணெய் ஈரத்தை முழுக்கத் தடுக்காது, ஏற்ற இறக்கத்தை மெதுவாக்கும். வார்னிஷில் ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் ஈரம் ஏறிக் கட்டை ஒருபக்கமாக முறுக்கும். எண்ணெய்க் கட்டையில் அந்தத் தொல்லை குறைவு. இரும்பு உட்காரும் உட்குழிவுகளுக்கும் எண்ணெய் காட்ட மறக்காதீர்கள். பெரும்பாலோர் விட்டுவிடுகிற இடம் அது. தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம், வாரக்கணக்கில் அங்கே இருக்கும். கொடுப்பதற்கு முன் ஒருமுறை, வாங்கி வந்ததும் ஒருமுறை எண்ணெய் தேய்ப்பது நல்ல பழக்கம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். களக்காடு முண்டந்துறைக் காடு 1988 முதல் புலிகள் காப்பகம். அங்கிருந்து ஒரு சுள்ளிகூடக் கட்டைக்கென்று வரக் கூடாது, வர வேண்டிய தேவையும் இல்லை. துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். ஆகவே ஊர் ஆசாரியிடம் துப்பாக்கியைக் கொடுக்காதீர்கள். அவரிடம் மரத்தைத் தேர்ந்து, அறுத்து, காயவைத்துத் தரச் சொல்லுங்கள்; இரும்பைப் பொருத்தும் வேலையை உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் கொடுங்கள். கால்வாய்க் கரையில் இடம் இருக்கிறவர்கள் பூவரசைப் போத்தாக நடாமல் ஒரு பிடி விதையாகப் போட்டு வையுங்கள். துப்பாக்கிக்கு வேண்டாம் என்றாலும், இன்னும் முப்பது வருஷத்தில் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு நல்ல கட்டிலுக்கும் மேசைக்கும் அது ஆகும்.